நான் இழந்த இரண்டு சென்டிமீட்டர்

ஐம்பத்தைந்து வயதில், நாலு பேர் மதிக்கிற ஒரு வேலையில் இருந்துகொண்டு, நாற்பது நாள் முட்டை ஓட்டை அரைத்துத் தின்றேன். முட்டையை அல்ல, ஓட்டை. யாரும் வற்புறுத்தவில்லை. எந்த வைத்தியரும் எழுதித் தரவில்லை. என் சொந்த அறிவை மட்டுமே நம்பிச் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாரம் குறையும். பின்னால் சொல்லப்போவதெல்லாம் இதைவிட மோசம்.

வேலை என்றேன். ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு கட்டுத்துணி ஆலையில் மேற்பார்வையாளனாக இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ், காயத்தின் மேல் மடித்து வைக்கிற சல்லடை மாதிரியான காஸ் துணி, இரண்டும் எங்கள் தறியில் ஓடும். அப்பா காலத்தில் இதே துணி எங்கள் வீட்டுத் தறியிலும் ஓடியது. சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றைத் துணிமேல் வைத்து, ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்ப்பது என் வேலை. ஒரு இழை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஆலையில் எனக்குப் பெயர். முப்பது வருடமாக ஊரார் கை கால் முறிவுக்குத் துணி அனுப்பிக்கொண்டிருந்தவன், எனக்கும் எலும்பு இருக்கிறது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நினைத்துப் பார்த்தேன்.

அன்று எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் எலும்புப் பரிசோதனை முகாம். இலவசம் என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்குக் கால்வலியோ முதுகுவலியோ கிடையாது. இலவசம் என்பதைத் தவிர அங்கே போக வேறு காரணம் எதுவும் இல்லை. மனைவியையும் அழைத்துப் போனேன். அவள் வரிசையின் நீளத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீங்க பாத்துட்டு வாங்க. நான் காய் வாங்கிட்டு வாரேன்."

"வந்ததுக்கு நீயும் பாத்துக்கோயேன்."

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். லேசா வாய்வு முதுகுல பிடிக்கும், அம்புட்டுத்தான்" என்று பையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே முதலில் உயரம், எடை. வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி என்னைக் கம்பத்தில் சாய்த்து நிறுத்தி, தலைமேல் தட்டை இறக்கி, "நூத்தி அறுபத்தெட்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"நூத்தி எழுபதும்மா" என்றேன்.

"அறுபத்தெட்டு சார்."

"இல்லம்மா. என்னோட உயரம் நூத்தி எழுபது. கவர்மெண்டே அளந்திருக்கு."

"அப்ப கவர்மெண்டுகிட்ட கேட்டுக்கோங்க சார். அடுத்த ஆள் வாங்க."

அவளுக்கு வரலாறு தெரியாது. எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்கோ போலீசுக்கோ ஆள் எடுக்கும் மைதானத்தில் ஒரு தடவையாவது பனியனோடு போய் நிற்காத ஆண்பிள்ளைகள் குறைவு. நான் இருபத்திரண்டு வயதில் விருதுநகரில் போய் நின்றேன். வேண்டிய உயரம் நூற்று எழுபது. தட்டு என் தலைமேல் இறங்கியது. நூற்று எழுபது, சரி, போ என்றார்கள். அடுத்து வந்த ஓட்டத்தில் பாதியில் தலைவலி வந்து நின்றுவிட்டேன். ஆகவே போலீஸ்காரன் ஆகவில்லை. ஆனால் உயரத்தில் தேறினவன் என்கிற பட்டம் நிலைத்துவிட்டது. அன்று என்னோடு ஓடித் தேறிய ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பன், பின்னால் தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவன் அப்பாவிடம் என்னைப் பற்றிச் சொன்ன முதல் தகுதி அதுதான்: "பையன் நூத்தி எழுபதுப்பா, செலக்சன்லயே அளந்தாச்சு." என் படிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லாததால் நானும் சொல்லவில்லை. அப்படி என் திருமணமே நின்றது அந்த நூற்று எழுபதின் மேல்தான். இப்போது அதில் இரண்டு சென்டிமீட்டரைக் காணோம்.

குதிகாலை ஒரு கருவிக்குள் வைக்கச் சொன்ன இளம் டாக்டர், "வயசுக்கு நல்லாவே இருக்கு சார்" என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. காணாமல்போன இரண்டு சென்டிமீட்டரைப் பற்றிக் கேட்டேன்.

"சின்ன வயசு அளவு நிச்சயமா தெரியுமா?"

"நிச்சயமா."

"உயரம் குறையுதுன்னா, சில பேருக்கு முதுகெலும்பு தேஞ்சு லேசா நசுங்கியிருக்கும். ரெண்டு சென்டின்னா பெருசா பயப்பட வேண்டாம். கால்சியம் உள்ள சாப்பாடா சாப்பிடுங்க, வெயில்ல கொஞ்சம் நடங்க" என்றவர், அடுத்த ஆளைக் கூப்பிடும் முன்னால், "உங்க வீட்டம்மாவ ஒருநாள் கூட்டிட்டு வாங்க. மாதவிடாய் நின்ன பொறவு பெண்களுக்குத்தான் இது வேகமா குறையும்" என்றார்.

நான் தலையாட்டினேன். என் காதில் விழுந்தது "நசுங்கியிருக்கும்" என்பது வரைதான்.

மண்டப வாசலில் மனைவி கத்தரிக்காய்ப் பையோடு நின்றாள். "நான் குறைஞ்சுக்கிட்டே வாரேன்" என்று தழுதழுத்தேன்.

"வெயிட்டா? நல்லதுதான" என்றாள்.

படிக்கிற பழக்கம் உள்ளவனுக்கு ஒரு பயம் வந்தால் அதற்குத் தீனி போட ஆயிரம் பக்கம் கிடைக்கும். அன்று சாயங்காலத்துக்குள் எலும்பைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உடம்பிலுள்ள கால்சியம் கிட்டத்தட்ட முழுவதும் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ஆனால் இதயம் துடிக்கவும் தசை அசையவும் ரத்தத்தில் அது கொஞ்சம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாட்டிலிருந்து வராவிட்டால் உடம்பு கூச்சப்படாமல் எலும்பில் கைவைத்து எடுத்துக்கொள்ளும். எலும்பும் நாம் நினைப்பதுபோல் கல் அல்ல. ஒருபக்கம் பிரிந்து ஒருபக்கம் நெய்துகொண்டே இருக்கிற சங்கதி. நடுவயது தாண்டினால் பிரிவது வேகமாகிவிடும், நெய்வது மெதுவாகிவிடும்.

இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது என் தொழில். அடர்த்தியாக ஓடவேண்டிய துணி, இழை விட்டு விட்டு, கடைசியில் காஸ் துணியாகிறது. மறுநாள் ஆலையிலிருந்து ஒரு துண்டு காஸ் துணியைக் கொண்டுவந்து, சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் மனைவியிடம் பிடித்துக் காட்டினேன்.

"என்னோட முதுகெலும்பு உள்ளுக்குள்ள இப்ப இப்படித்தான் இருக்கு."

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். "டீ வடிகட்ட நல்லாருக்கும்" என்றாள்.

அன்றிலிருந்து நாற்பது நாள். அரை லிட்டர் பால் முழுக்க எனக்கு. கேழ்வரகுக் கூழ். எள்ளுருண்டை. நெத்திலிக் கருவாட்டைத் தலையோடு முள்ளோடு மெல்லுவது. பிரண்டைத் துவையல், அதை எண்ணெயில் சரியாக வதக்காமல் நானே அவசரப்பட்டு அரைத்துத் தின்றதில் ஒரு பகல் முழுக்கத் தொண்டை அரித்து, ஆலையில் எல்லோருக்கும் சைகையில் உத்தரவு போட்டேன். அன்று உற்பத்தி கூடியது என்று தறிக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டேன். உப்பு அதிகமானால் கால்சியம் சிறுநீரோடு போய்விடும் என்று படித்திருந்தேன். பால்கோவாவை விடவில்லை. பால் சுண்டித்தானே பால்கோவா, பால் சுண்டினால் கால்சியமும் சுண்டித்தானே இருக்கும் என்பது என் வாதம். கூடவே சர்க்கரையும் இருக்கிறது என்கிற விவரத்தை என் வாதத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை.

பிறகு முட்டை ஓடு. ஓட்டைக் கழுவி, வேகவைத்து, மொட்டைமாடியில் காயப்போட்டு, மிக்ஸியில் பொடித்து, மோரில் கலந்து குடிக்க வேண்டும். கழுவுவதும் வேகவைப்பதும் மனைவி. குடிப்பது நான். கடற்கரை மணலை மோரில் கரைத்துக் குடித்த மாதிரி இருக்கும். பத்தாவது நாள் கடைவாய்ப் பல்லின் ஒரு மூலை நொறுங்கி மோரோடு போய்விட்டது. அந்த நாற்பது நாளில் என் உடம்பிலிருந்து மெய்யாகவே தேய்ந்தது அந்தப் பல் ஒன்றுதான். வயிறு கல்லாகிப்போனதைப் பற்றி விரிவாக எழுதலாம், வேண்டாம்.

வெயிலும் வேண்டுமே. பதினோரு மணிக்கு மொட்டைமாடியில் அரை டிராயரோடு கிடந்தேன். அடுத்த வீட்டு வெள்ளை நாய், எங்கள் ஊர்ப் பெயரையே தன் ஜாதிப் பெயராகக் கொண்டது, திருடன் வந்தபோதுகூடக் குரைக்காமல் நேராகக் கவ்வினதாகப் பேர் வாங்கியது, என்னைப் பார்த்து முதன்முறையாக வாய்விட்டுக் குரைத்தது. அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, நாயை உள்ளே கட்டினார். நாயின் மனநிலையை எண்ணிக் கட்டியிருப்பார்.

முக்கியமான காரியம் அளவெடுப்பு. சமையலறைக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்பேன். மனைவி என் தலைமேல் கனமான புத்தகம் ஒன்றைச் சமமாக வைத்து, நிலையில் பென்சிலால் கோடு போட வேண்டும். காலையில் ஒரு தடவை, ஆலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை. அதற்காக அவள் பின்கட்டிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவந்து ஏறி நிற்பாள். துல்லியம் கருதி அப்படிச் செய்கிறாள் என்று நினைத்து மகிழ்ந்தேன்.

"ஏங்க, தலையைத் தூக்காதீங்க."

"தூக்கல."

"குதிங்கால் தூக்கி நிக்கீங்க."

"அது பழக்கம்."

முடிவுகள் பயங்கரமாக இருந்தன. காலையில் நூற்று அறுபத்தொன்பதைத் தொட்டுக்கொண்டு எழுந்திருப்பேன். மாலையில் நூற்று அறுபத்தெட்டு. ஒரு பகலில் ஒரு சென்டிமீட்டர். தீபாவளிக்குள் நான் எந்த உயரத்தில் இருப்பேன் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு, வியர்த்துப்போனேன். இரவில் தூங்கும்போது எப்படித் திரும்ப வளர்கிறேன் என்ற கேள்வி மட்டும் எனக்கு வரவே இல்லை.

ஒரு ஆறுதல் இருந்தது. உயரம் போய்க்கொண்டிருந்தாலும் வீட்டில் அதற்கு மரியாதை கூடியிருந்தது. முன்பெல்லாம் சமையலறை மேல்தட்டிலிருந்து புளி டப்பாவை அவளே எட்டி எடுத்துக்கொள்வாள். கொஞ்ச நாளாக என்னைத்தான் கூப்பிடுகிறாள். "இந்தாங்க, அந்த டப்பாவ எடுத்துக் குடுத்துட்டுப் போங்க." நானும் பெருமிதத்தோடு எடுத்துக் கொடுப்பேன். இன்னொன்றும் நடந்தது. சேலைக்குள் கட்டுகிற பாவாடையெல்லாம் துவைக்கத் துவைக்க நீளுகிறது, தரையில் புரளுகிறது என்று சொல்லி, உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் துணிக்காரன். பருத்தித் துணி துவைத்தால் சுருங்கும், எந்தக் காலத்திலும் நீளாது, என்று அவளுக்குக் கால்மணி நேரம் விளக்கினேன். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டே தைத்தாள்.

நாற்பதாவது நாள் முடிவெடுத்தேன். கதவு நிலையை நம்பிப் பிரயோசனமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மைத்துனரிடம் அளந்துவிடுவது. மைத்துனர் என்றால் அந்தப் பழைய நண்பன்தான். ஏட்டாக ஓய்வுபெற்றுவிட்டார். இப்போது போலீஸ் தேர்வுக்குப் போகிறவர்களைக் காலையில் மைதானத்தில் ஓடவிட்டுப் பயிற்சி கொடுக்கிறார். அதற்காக அசல் உயரமானி ஒன்று வாங்கி வீட்டு வரவேற்பறையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்திருக்கிறார். அவருக்கு ஒரு நியதி உண்டு. தங்கை முன்னால் என்னை "வாங்க மாப்ள, இருங்க மாப்ள" என்பார். தங்கை அடுப்படிக்குள் போய்விட்டால் "ஏலே" என்பார். முப்பது வருடத்தில் அவர் அதை மாற்றிக்கொண்டதில்லை.

டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். அளந்தார்.

"நூத்தி அறுபத்தெட்டு."

"பாத்தியா மச்சான், போயிருச்சு. ரெண்டு சென்டி போயிருச்சு" என்றேன். பிறகு முகாமிலிருந்து தொடங்கி முட்டை ஓடு வரைக்கும், காலையில் வளர்ந்து மாலையில் தேய்வது வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு குற்றவாளியின் வாக்குமூலத்தைக் கேட்கிற மாதிரி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"காலையில கூடத்தான் இருக்கும் மாப்ள. எல்லா மனுசனுக்கும் அப்படித்தான். பகல் பூரா நின்னா முதுகெலும்புக்கு நடுவுல இருக்க ஜவ்வு அமுங்கும், படுத்தா விரியும். அதான் செலக்சனுக்குப் போறவங்களை அளக்கிற வரைக்கும் படுத்தே கிடங்கடான்னு சொல்லுவோம். நம்ம போகும்போதுகூட லாரியில படுத்துக்கிட்டுத்தான போனோம்."

"சரி. ஆனா நூத்தி எழுபது?"

அவர் என்னையே பார்த்தார். தங்கை பக்கத்தில் நிற்பதை மறந்துவிட்டார்.

"ஏலே, நீ என்னைக்குலே நூத்தி எழுபது இருந்த?"

என் மனைவி முந்தானையை வாயருகே கொண்டுபோனாள்.

"கவர்மெண்டு அளந்தது" என்றேன்.

"கவர்மெண்டு உன்னையும் அளந்துச்சு, உன் தலையில நான் ஒட்டுன பேண்டேஜையும் சேத்து அளந்துச்சு. உங்க வீட்டுத் தறியில ஓடுனதுதான. நாலஞ்சு துணிய ஒண்ணா அடுக்கி எட்டு மடிப்பா மடிச்சு, கோந்து தடவி உச்சந்தலையில ஒட்டி, அதுமேல முடியைப் புஸ்ஸுன்னு சீவிவிட்டேன். மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அதைத்தான் விளக்க வேண்டும். முப்பத்து மூன்று வருடமாக அந்தத் துணி என் நினைவில் வேறு விதமாக இருந்தது. நான் நூற்று எழுபதுதான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முன்னெச்சரிக்கைக்காக வைத்தது அது என்று. ஒவ்வொரு தடவை கதை சொல்லும்போதும் துணி ஒரு மடிப்பு குறைந்து, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போய், தலை மட்டும் அங்கேயே உயரத்தில் நின்றுவிட்டது.

மைத்துனர் விடுவதாயில்லை. "ஓட்டத்துல பாதியில ஏன் நின்னாரு தெரியுமா உன் வீட்டுக்காரர்?" என்று தங்கையிடம் திரும்பினார். "வேர்வையில கோந்து கரைஞ்சு துணி நெத்திக்கு இறங்கிருச்சு. ஒரு கையால தலையைப் பிடிச்சுக்கிட்டே ரெண்டு ரவுண்டு ஓடுனாரு. என்னலேன்னு கேட்டா, தலைவலியாம்."

ஆகவே நான் நாற்பது நாளாக மீட்டெடுக்கப் பாடுபட்ட இரண்டு சென்டிமீட்டரும் எலும்பே அல்ல. எங்கள் வீட்டுத் தறியில் ஓடிய, எட்டாக மடித்த கட்டுத்துணி. அதற்குக் கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் வளராது.

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். மனைவிக்குச் சிரித்துச் சிரித்து முதுகைப் பிடித்துக்கொண்டது. இடுப்பில் கைகொடுத்து நின்றாள். மைத்துனர் அந்த உற்சாகத்தில், "ஏட்டி, நீயும் வந்து நில்லு. உன் தலையில என்ன ஒட்டியிருக்குன்னு பாத்துருவோம்" என்றார்.

"போங்கண்ணே."

"வா ஏட்டி. நீயும் ஒரு காலத்துல செலக்சனுக்குப் போவேன்னு ஒத்தக்கால்ல நின்னவதான."

அது உண்மை. பெண் போலீசுக்குப் போக ஆசைப்பட்டவள் அவள். அப்பா விடவில்லை. ஆனால் அண்ணன் அவளைப் பலமுறை அளந்திருக்கிறார். நூற்று அறுபது, துணி கிணி இல்லாமல். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். மைத்துனர் தட்டை இறக்கினார். குனிந்து பார்த்தார். தட்டை மேலே தூக்கி மறுபடி இறக்கினார்.

"நேரா நில்லு தாயி."

"நேராத்தான் நிக்கேன்."

"நூத்தி ஐம்பத்தாறு" என்றார். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

நாலு சென்டிமீட்டர். எனக்குப் புளி டப்பா ஞாபகம் வந்தது. பாவாடைகள் ஞாபகம் வந்தன. பருத்தித் துணி நீளாது என்று கால்மணி நேரம் பேசியது ஞாபகம் வந்தது. நான் சொன்னது சரிதான். துணி நீளவில்லை.

அந்த வாரமே மதுரைக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் அடர்த்தி குறைந்திருந்தது. ஒரு கண்ணி எப்போதோ நசுங்கியே போயிருந்தது. அதற்கு அவள் வைத்திருந்த பெயர் வாய்வு. டாக்டரம்மா எங்களைவிட மூத்தவர். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவளிடம் கேட்டார்.

"பால் குடிப்பீங்களாம்மா?"

"அரை லிட்டர் வாங்குவோம் டாக்டர்."

"நீங்க எவ்வளவு குடிப்பீங்க?"

"நான் கடுங்காப்பி. ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான், பிள்ளைகளுக்கு ஊத்தி மிச்சம் இருந்தாத்தான். இப்ப இவங்களுக்கு எலும்பு தேயுதுன்னு பாலு பூரா இவங்களுக்கு."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கத்தோடு என் ஆரோக்கியத்தை நான் ஒப்புக்கொண்டதில்லை.

அவர் பொறுமையாகச் சொன்னார். வருடக்கணக்காகச் சாப்பாட்டில் வராத கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து எடுத்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு அந்த எடுப்பு இன்னும் வேகமாகியிருக்கிறது. இனிமேல் பால், தயிர், கேழ்வரகு, முள்ளோடு சின்ன மீன், கீரை என்று தினமும் போக வேண்டும். ஆனால் போனது சாப்பாட்டால் மட்டும் திரும்பி வராது. மருந்தும் வேண்டும், கால்சியம் உடம்பில் ஒட்டுவதற்கு வைட்டமின் டி வேண்டும், தினமும் நடக்க வேண்டும்.

"எல்லாத்தையும்விட முக்கியம், விழுந்துரக் கூடாது. இந்த எலும்பு ஒரு அடி தாங்காது. ஸ்டூல், ஏணின்னு எதுலயும் ஏறாதீங்க. வீட்ல ஏதும் ஏறுவீங்களா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். நாற்பது நாள், நாளைக்கு இரண்டு தடவை, ஆடுகிற பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் ஏற்றி, ஒரு கையில் கனமான புத்தகத்தையும் ஒரு கையில் பென்சிலையும் கொடுத்து, என் தலையை அளக்கவைத்திருந்தேன். ஒரு தடவை கால் தவறியிருந்தால், எங்கள் ஆலைத் துணி எங்கள் வீட்டுக்கே வந்திருக்கும்.

"எப்பவாச்சும் டாக்டர்" என்றாள் அவள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் சில மாற்றங்கள். ஸ்டூலை ஆலைக்கு எடுத்துப்போய் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன். ஆசாரியை வரவழைத்துச் சமையலறை மேல்தட்டைக் கழற்றித் தாழ்வாக அடிக்கச் சொன்னேன். இப்போது உள்ளே போகும்போதெல்லாம் அது என் நெற்றியில் இடிக்கிறது. நூற்று அறுபத்தெட்டுக்கு அதுவும் ஒரு கௌரவம்தான். காலையில் பாலைக் காய்ச்சி அவள் குடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன். "செத்த நேரம் அங்கிட்டுப் போங்களேன், ஜெயில்ல கஞ்சி ஊத்துறவங்க மாதிரி நிக்காதீங்க" என்கிறாள். கேழ்வரகுக் கூழ் நான்தான் கிண்டுகிறேன், கட்டி விழும். கட்டியையும் சேர்த்துக் குடிக்கிறாள். நான் கடுங்காப்பிக்கு மாறியிருக்கிறேன். அதை இத்தனை வருடம் எப்படிக் குடித்தாளோ தெரியவில்லை.

சாயங்காலம் இருவரும் நடக்கப் போகிறோம். பள்ளம், மேடு, படுத்திருக்கும் நாய் எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே அறிவித்துக்கொண்டு போவேன். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் அண்ணனிடம் போனில் புகார் சொன்னதைக் கேட்டேன். முதுகைப் பிடித்துக்கொள்வது குறைந்திருக்கிறது. வாய்வு என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

ஒரு வருடம் கழித்துப் போன மாதம் மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். காலையிலேயே, பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேராக உயரமானிக்கு. தட்டு இறங்கும்போது எனக்கு விருதுநகர் மைதானத்தில் அடித்துக்கொண்டதைவிட அதிகமாக நெஞ்சு அடித்துக்கொண்டது. நூற்று ஐம்பத்தாறு. ஒரு இழைகூடக் குறையவில்லை. மைத்துனர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நின்னுருச்சு" என்று சொல்லி, முகத்தைத் துடைத்துக்கொண்டு பால்கோவா வாங்கக் கடைக்குப் போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை அவளுக்கு. வழிநெடுக எனக்கு மனசு உறுத்திக்கொண்டிருந்தது. மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"ஒரு அங்குலத்துல ஒரு இழை குறைஞ்சா கண்டுபிடிக்கிறவன் நான். முப்பது வருசமா பக்கத்துலயே இருந்தும் நீ நாலு சென்டி குறைஞ்சதைக் கவனிக்கலையே. உனக்கு வருத்தமா இருக்கா?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே யோசித்தாள். வருத்தப்படுகிற முகமாகத் தெரியவில்லை.

"இதுல என்ன இருக்கு. நானும்தான ஒண்ணைச் சொல்லாம இருந்தேன்."

"என்னது?"

"கல்யாணத்தன்னைக்கு மாலை போடும்போது, மாப்பிள்ளை நூத்தி எழுபதுன்னு சொல்லியிருக்காங்களேன்னு அம்புட்டு உயரத்துக்குக் கையத் தூக்குனேன். மாலை உங்க தலைக்கு மேல ரெண்டு சென்டி தள்ளிப் போயிருச்சு. அப்பவே தெரியும்."